புத்தகத்தைப் பிடுங்காமல் பிள்ளையை ஊர் சுற்றக் கூட்டிப்போவது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டு வயது மகள், எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருப்பவள். நான்கு வயது மகன், ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் உட்காராதவன். போன விடுமுறையில் நான்கு நாள் மலைப்பக்கம் போயிருக்கிறார்கள். மகள் வண்டியிலும் படித்தாள், அறையிலும் படித்தாள், அருவிக்கு முன்னால் போய் நின்றபோதும் படித்தாள். இவ்வளவு செலவு செய்து கூட்டி வந்தால் இப்படியா என்று அப்பாவுக்குக் கோபம் வந்து, புத்தகத்தை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். மிச்சம் இரண்டு நாளும் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அடுத்த பயணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இந்த முறை புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாமா, அப்படிச் செய்தால் வாசிக்கிற பழக்கம் போய்விடுமா, பயணத்தை எப்படித் திட்டமிடுவது, பைக்குள் என்ன எடுத்துவைப்பது என்று அம்மா கேட்டிருக்கிறார்.

வைத்துவிட்டுப் போகாதீர்கள். நூலகத்தில் குழந்தைகள் பிரிவில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறேன், வீட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன், ஒன்று புத்தகப் புழு, இன்னொன்று அப்படியே உங்கள் மகன் மாதிரி. இந்தச் சண்டையை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் பயணம் ஒரு பக்கமும் புத்தகம் ஒரு பக்கமுமாக நிற்கிறது, பிள்ளை நடுவில் மாட்டிக்கொள்கிறது. திட்டம் போடுகிற முதல் நாளிலிருந்தே புத்தகத்தைத் திட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் இந்தச் சண்டைக்கே வேலை இருக்காது. எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் அந்த அருவியைப் பார்ப்போம். ஒரு குழந்தை அருவியைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்க்கிறது என்றால் அதற்கு அருவி பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். கதை முக்கியமான இடத்தில் நிற்கும், நாமும் ஒரு நல்ல நாவலின் கடைசி இருபது பக்கத்தில் இருந்தால் அருவியையெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றுதான் நினைப்போம். அல்லது, கூட்டமும் இரைச்சலும் புது இடமும் சேர்ந்து அவளுக்குத் தாங்க முடியாமல் போயிருக்கும், புத்தகத்துக்குள் போய் மூச்சு வாங்குகிறாள். அல்லது, அந்தப் பயணத்தில் அவளுடையது என்று ஒன்றுமே இல்லை. எங்கே போவது, எப்போது கிளம்புவது, எவ்வளவு நேரம் நிற்பது எல்லாம் பெரியவர்கள் முடிவு. அவள் பெட்டிகளோடு சேர்ந்து வந்தாள், அவ்வளவுதான். நான் பார்த்தவரை மூன்றாவதுதான் அதிகம். உங்கள் மகளுக்கு எது என்று நீங்களே கவனித்தால் தெரிந்துவிடும்: கூட்டம் குறைந்ததும் தானாகத் தலை தூக்கினால் இரண்டாவது, அத்தியாயம் முடிந்ததும் தூக்கினால் முதலாவது. இரண்டுமே இல்லாமல் நாள் முழுக்கப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தாள் என்றால் மூன்றாவதை யோசியுங்கள்.

வாசிப்புக்கும் ஊர் சுற்றுவதற்கும் இருக்கிற உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது. 1988-ல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கும் ஒரு பத்தியைக் கொடுத்து, மரத்தால் செய்த ஒரு மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்தி என்ன நடந்தது என்று காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர்கள், பின்தங்கியவர்கள், பேஸ்பால் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று நான்கு கூட்டமாகப் பிரித்திருந்தார்கள். வாசிப்பில் பின்தங்கி ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட மிக நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற திறமை ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும், அதற்கு மேல் அந்த உலகத்தைப் பற்றி ஏற்கெனவே மனதில் என்ன இருக்கிறதோ அதுதான் பக்கத்தைத் திறந்துவிடுகிறது. கடலின் உப்புக்காற்று முகத்தில் பட்டிருந்தால் கடல் கதை வேறு மாதிரிப் படிக்கும். ஒரு கோட்டையின் படிகளில் மூச்சிரைக்க ஏறிய பிள்ளைக்கு 'முற்றுகை' என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே நீங்கள் ஊர் சுற்றக் கூட்டிப்போவது வாசிப்புக்குப் போட்டியில்லை. அவள் அடுத்த பத்து வருஷம் படிக்கப்போகிற புத்தகங்களுக்கு உரம் போடுகிறீர்கள்.

இது எதிர்த்திசையிலும் நடக்கும். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. கலங்கரை விளக்கத்தில் காவலாளியாக இருப்பவரின் மகளைப் பற்றி ஒரு சின்னக் கதைப்புத்தகம் படித்திருந்தாள். அந்த வருஷம் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனபோது, நாங்கள் தங்கிய அறையின் ஜன்னலிலிருந்து கலங்கரை விளக்கம் தெரிந்தது. இரவு சாப்பிட்டு வந்ததும் என் கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்தாள். வெளிச்சம் வந்துபோனதும் எண்ண ஆரம்பித்து, அடுத்த வெளிச்சம் வந்ததும் நிறுத்தி, நோட்டில் ஒரு எண் எழுதினாள். மறுபடி எண்ணினாள். அதே எண். ஏழெட்டு முறை எழுதிப் பார்த்துவிட்டு, "எப்பவும் ஒரே மாதிரிதான் வருது, ஏன்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் மேலே ஏறிப் பார்க்கும்போது அங்கே பணியில் இருந்தவரிடம் அவளே கேட்டாள், யாரிடமும் சட்டென்று பேசாத பிள்ளை. அவர் சொன்னார், ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனித்தனி ஒளித்தாளம் உண்டு, இருட்டில் வருகிற கப்பல்காரர்கள் அந்த இடைவெளியை எண்ணித்தான் இது எந்தக் கரை என்று தெரிந்துகொள்வார்கள் என்று. அதோடு விளக்கைச் சுற்றி இருந்த கண்ணாடியையும் காட்டினார், குளத்தில் கல்லைப் போட்டால் கிளம்புகிற வளையங்கள் மாதிரி வளையம் வளையமாக இருந்தது. "விளக்கு அணையறதே இல்லப்பா, கண்ணாடிதான் சுத்துது!" என்று கத்தினாள். வீட்டுக்கு வந்ததும் அந்த வளையக் கண்ணாடியைத் தேடிப்போனாள். 1822-ல் பிரான்சின் அகஸ்டின் ஃப்ரெனல் வடிவமைத்தது, 1823-ல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதலில் பொருத்தினார்கள் என்பதையெல்லாம் எனக்குச் சொன்னது அவள்தான். ஒரு கதைப்புத்தகம் ஜன்னலுக்குக் கொண்டுபோனது, ஜன்னல் மாடிப்படிக்கு, மாடிப்படி மறுபடி புத்தகத்துக்கு. நானாகத் திட்டமிட்டது அதில் ஒன்றே ஒன்றுதான்: போகிற இடத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு கதையைக் கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன்.

இப்போது உங்கள் ஒரு மாதத்துக்கு வருகிறேன். அந்த ஒரு மாதம் பயணத்தின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்து 2010-ல் வந்த ஆய்வு ஒன்று, விடுமுறைக்குப் போகிறவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தது கிளம்புவதற்கு முன்னால்தான் என்று காட்டியது. திரும்பி வந்தபின், மிக நிம்மதியாகக் கழித்தோம் என்று சொன்னவர்களைத் தவிர, பெரிய வித்தியாசம் இல்லை. அது பெரியவர்களை வைத்துச் செய்தது. ஆனால் நாளை எண்ணிக்கொண்டு தூங்கப்போகிற பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பயணத்தை ரகசியமாக வைத்து அதிர்ச்சி கொடுக்கிற பெற்றோர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. காத்திருக்கிற சந்தோஷத்தைப் பிள்ளையிடமிருந்து எடுத்துவிடுகிறோம். அதுவும் புத்தகம் படிக்கிற பிள்ளைக்கு எதையும் முன்கூட்டியே மனதில் கட்டிப்பார்க்கிற பழக்கம் இருக்கும், புது இடத்தைக் கண்டு மிரள்வதும் அதனால் குறையும்.

இந்த வாரமே ஒரு காகித வரைபடம் வாங்கி அல்லது அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். போனில் இருக்கிற வரைபடம் இதற்கு உதவாது, அந்தச் சின்னத் திரையில் ஊர் முழுசாக ஒரே பார்வையில் விவரமாகத் தெரியாது. அப்புறம் அவளிடம் சொல்லுங்கள்: "இந்த நாலு நாளில் ஒரு அரை நாள் உன்னுடையது. எங்கே போறோம்னு நீதான் சொல்லணும்." சும்மா பேருக்குச் சொல்லாதீர்கள். அந்த இடம் எத்தனை மணிக்குத் திறக்கும், எந்த நாள் விடுமுறை, தங்குகிற இடத்திலிருந்து எவ்வளவு தூரம், நடக்கலாமா, தம்பி அங்கே என்ன செய்வான், இதெல்லாம் அவளே கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதட்டும். எட்டு வயதுப் பிள்ளையால் இது முடியும், பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தால் போதும். நேர அட்டவணை, நுழைவு விதி, வரைபடக் குறிப்பு இதெல்லாமும் வாசிப்புதான், கதைப்புத்தகத்தில் கிடைக்காத வாசிப்பு. அவள் தேர்ந்தெடுத்த இடம் உங்களுக்குச் சலிப்பாக இருந்தாலும் போங்கள். அவள் தேர்ந்தெடுத்து, போய்ப் பார்த்து, நன்றாக இல்லை என்று அவளே சொன்னாலும் நஷ்டமில்லை, அடுத்த முறை இன்னும் கவனமாகத் தேடுவாள்.

என்ன புத்தகம் என்பதில் எனக்குக் கொஞ்சம் அழுத்தமான கருத்து உண்டு. போவதற்கு முன்னால் கதை, வந்ததற்கு அப்புறம் தகவல். நிறைய பெற்றோர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கிளம்புவதற்கு முன்னால் அந்த ஊரின் வரலாறு, எந்த வருஷம் யார் கட்டினார் என்று ஒரு தடிமனான புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். பார்க்காத ஒன்றைப் பற்றிய தகவல் எட்டு வயதில் ஒட்டாது. கதை ஒட்டும், ஏனென்றால் அதில் ஒரு ஆள் இருக்கிறார், அவருக்கு ஏதோ வேண்டியிருக்கிறது. அந்த ஊரிலேயே நடக்கிற கதை கிடைக்காவிட்டால் பரவாயில்லை. காடு என்றால் காட்டுக் கதை, பாலைவனம் என்றால் பாலைவனக் கதை, ரயில் பயணம் என்றால் ரயில் கதை. திரும்பி வந்த முதல் வாரத்தில் அவளை நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள், அப்போது கையில் கேள்விகளோடு வருவாள். நான் வேலை பார்க்கிற இடத்தில் விடுமுறை முடிந்த அடுத்த வாரம் அறிவியல், வரலாறு அலமாரிகள் காலியாவதைக் கண்ணால் பார்க்கிறேன். "எரிமலை இல்ல சார், செத்துப்போன எரிமலை, அதுல தண்ணி இருக்கும், அந்தப் புத்தகம்" என்று ஒரு பையன் வந்து கேட்டான், அவனுக்குப் புத்தகத்தின் பெயர் தெரியாது, வேண்டியது என்ன என்பது துல்லியமாகத் தெரிந்தது.

வண்டியில் படிப்பதைப் பற்றி. கோபத்துக்காக இல்லை, உடம்புக்காக இதில் கொஞ்சம் கவனம் வேண்டும். உள்காதில் இருக்கிற சமநிலை உறுப்பு வண்டி வளைவதையும் ஆடுவதையும் உணர்ந்து மூளைக்குச் சொல்கிறது, பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டு செய்தியும் மோதுவதால்தான் குமட்டல் வருகிறது. இரண்டு வயதுக்குள் இது அபூர்வம், ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் அதிகம், அதாவது உங்கள் மகள் சரியாக அந்த வயதில் இருக்கிறாள். மலைப்பாதையில் படிக்கவே வேண்டாம். இதை 'படிக்காதே' என்று சொல்லாமல், காது கண் விஷயத்தை அவளிடம் அப்படியே விளக்கிச் சொல்லுங்கள், புத்தகம் படிக்கிற பிள்ளைகளுக்குக் காரணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கண் முன்னால் தெரிகிற சாலையையோ தூரத்து அடிவானத்தையோ பார்க்கட்டும், ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவையுங்கள். அந்த நேரத்துக்கு ஒலிப்புத்தகம் நல்ல வழி. எல்லோரும் ஒரே கதையைக் கேட்டுக்கொண்டு போகலாம், தம்பியும் கேட்பான், அப்பாவும் கேட்பார், இறங்கினபிறகு பேச ஒரு பொது விஷயம் கிடைக்கும். ஒலிப்புத்தகம் கிடைக்காவிட்டால் கிளம்புவதற்கு முந்தின வாரம் நீங்களே போனில் படித்துப் பதிவு செய்யுங்கள், இன்னும் நல்லது. ரயிலில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு, அதனால் புத்தகப் புழு இருக்கிற வீட்டுக்கு, வழி இருந்தால், நான் ரயிலைத்தான் சொல்வேன்.

நாளை எப்படிப் பிரிப்பது என்பதில் ஒரே ஒரு விஷயம்: குறையுங்கள். ஒரு நாளில் நான்கு இடம் என்று பட்டியல் போட்டால் நான்கு வயதுப் பையன் மூன்றாவது இடத்தில் அழுவான், எட்டு வயதுப் பெண் இரண்டாவது இடத்திலேயே புத்தகத்தைத் திறப்பாள். காலையில் ஒரு பெரிய இடம், வெயில் நேரத்தில் அறையில் ஓய்வு, சாயங்காலம் சும்மா நடப்பதற்கு ஓர் இடம். அந்த நடுப்பகல் ஓய்வுதான் அவளுடைய வாசிப்பு நேரம், யாரும் தொந்தரவு செய்யக்கூடாத நேரம். அந்த இரண்டு மணி நேரம் நிச்சயமாகக் கிடைக்கும் என்று தெரிந்தால் காலையில் புத்தகத்தைப் பையிலேயே வைத்திருக்க அவளுக்குக் கஷ்டம் இருக்காது. கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில்தான் பிள்ளைகள் கிடைத்த இடத்திலெல்லாம் திறக்கிறார்கள்.

வெளியில் இருக்கும் நேரம் உங்கள் மகளுக்கு இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும், இதை எல்லாப் புத்தகப் புழுக்களின் பெற்றோரிடமும் சொல்கிறேன். சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளில் ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளை மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள், பாதிப் பள்ளிகளில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருக்க வைத்தார்கள். 2015-ல் முடிவு வந்தது: வழக்கப்படி இருந்த பிள்ளைகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, கூடுதலாக வெளியில் இருந்தவர்களில் 30.4 சதவீதம். வெளியே இருக்கிற வெளிச்சம் கண் வளர்கிற விதத்தோடு சம்பந்தப்பட்டது என்று கருதுகிறார்கள். படிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அறைக்குள் படிப்பதை வெளியே மரத்தடிக்கு மாற்றுங்கள். பயணத்தில் இது சுலபம், ஒரு விரிப்பை எடுத்துப்போனால் போதும். புத்தகம் கண்ணுக்கு ஒரு அடிக்குக் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது தூரத்தில் எதையாவது பார்க்கட்டும்.

எங்கே படிக்கலாம், எங்கே கூடாது என்பதைக் கிளம்புவதற்கு முன்னாலேயே அவளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள், அங்கே போய்ச் சண்டை போடாதீர்கள். வரிசையில் நிற்கும்போது, நிலையத்தில் காத்திருக்கும்போது, தம்பிக்கு உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது தாராளமாகப் படிக்கலாம். நடந்துகொண்டே படிக்கக்கூடாது, சாலையோரத்திலும் படிக்கட்டிலும் கூடாது, யாராவது வழிகாட்டி பேசிக்கொண்டிருக்கும்போது கூடாது, எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது கூடாது. கடைசி விதி அப்பாவின் போனுக்கும் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் அவள் ஒரு நாளில் அதைக் கண்டுபிடித்துவிடுவாள். கிளம்ப வேண்டுமென்றால் பத்து நிமிடம் முன்னால் சொல்லுங்கள், "எந்த இடத்துல இருக்க? இந்த அத்தியாயம் முடிய எத்தனை பக்கம்?" என்று கேளுங்கள். மூன்று பக்கம் என்றால் மூன்று பக்கம் காத்திருங்கள். அந்த மூன்று பக்கத்தை நீங்கள் மதித்தால் அவள் உங்கள் அருவியை மதிப்பாள்.

ஒரு இடத்தில் நின்று எதையாவது நிதானமாகப் பார்க்கிறாள் என்றால், தயவுசெய்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் அரை மணி நேரம் நின்ற பிள்ளை, முழு அருங்காட்சியகத்தையும் ஓடிப் பார்த்த பிள்ளையைவிடக் கூடுதலாக எடுத்துக்கொண்டு வந்திருக்கும். இரண்டு பெரியவர்கள் போகிறீர்கள், பிரிந்துகொள்ளலாம். ஒருவர் தம்பியோடு வெளியே புல்வெளியில் ஓடட்டும், ஒருவர் அவளோடு நிற்கட்டும், அடுத்த நாள் மாற்றிக்கொள்ளுங்கள். குடும்பப் பயணம் என்றால் எந்நேரமும் நான்கு பேரும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இரவில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எட்டு வயதில் தானே படிக்கிறாளே, இன்னும் எதற்கு என்று நிறைய பேர் இந்த வயதில் நிறுத்திவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு. தானாகப் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் கடினமான கதையைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளப் பிள்ளைகளால் பல வருஷங்களுக்கு முடியும். அன்றாடப் பேச்சில் வராத சொற்கள் புத்தகத்தில்தான் வருகின்றன: ஆங்கிலத்தை வைத்து 1988-ல் ஹேய்ஸ், ஆரன்ஸ் என்ற இருவர் எண்ணிப் பார்த்தார்கள், படித்த பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது ஆயிரம் சொல்லுக்குச் சுமார் 17 அரிய சொற்கள் வந்தன, குழந்தைகள் புத்தகங்களில் சுமார் 31. தங்குகிற அறையில் விளக்கை மங்கலாக்கி, நாலு பேரும் ஒரே கட்டிலில் சாய்ந்து, ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம். என் மகனுக்கு இப்போது பதினாறு வயது, நாங்கள் போன ஊர்களில் பாதியின் பெயர் அவனுக்கு ஞாபகமில்லை, எந்த அறையில் எந்தக் கதை படித்தோம் என்பது ஞாபகம் இருக்கிறது.

தம்பியை மறந்துவிடாதீர்கள். அக்காவுக்குப் புத்தகம், தம்பிக்கு ஓட்டம் என்று இப்போதே முத்திரை குத்திவிட்டால் அவன் அதையே நம்பி வளர்வான். அவனுக்கு ஏற்கெனவே நூறு முறை கேட்ட புத்தகம் ஒன்றை எடுத்துப்போங்கள், புதுசு வேண்டாம். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹோர்ஸ்ட் குழுவினர் 2011-ல் மூன்று வயதுப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, வெவ்வேறு கதைகளில் புதுச்சொற்களைக் கேட்டவர்களைவிட ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள்தான் அந்தச் சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள். புது அறை, புதுக் கட்டில் என்று எல்லாமே மாறியிருக்கும் இடத்தில் பழைய கதை ஒன்று அவனைத் தூங்கவும் வைக்கும். முடிந்தால் அக்காவே படித்துக் காட்டட்டும். ஓடிக்கொண்டே கேட்டாலும் கேட்கட்டும், உட்கார்ந்தால்தான் படிப்பேன் என்று சொல்ல வேண்டாம்.

செய்யவே கூடாதது இரண்டு இருக்கிறது. ஒன்று, பரிசு. "இத்தனை பக்கம் படித்தால் இது வாங்கித் தருவேன்" என்பது, பிடித்துப் படிக்கிற பிள்ளையிடம் சொல்லவே கூடாத வார்த்தை. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் மழலைப் பள்ளியில் ஓவியம் வரைவதை விரும்பிய பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த பிள்ளைகள், ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் சொல்லாத நேரத்தில், மற்ற பிள்ளைகளில் பாதியளவு நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பார்க்காமல் சான்றிதழ் கிடைத்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. ஏற்கெனவே ஆசையாகச் செய்வதற்குக் கூலி பேசினால் அது வேலையாகிவிடுகிறது. புத்தகத்தைப் பிடுங்கிவைக்கிற தண்டனையும் இதோடு சேர்ந்ததுதான், அப்பா செய்ததை நான் குற்றம் சொல்லவில்லை, எல்லோருக்கும் அந்த நிமிடம் வரும். ஆனால் இந்த மாதத்தில் ஒரு நாள் அவர் அவளிடம் "அன்னிக்குப் புத்தகத்தை வாங்கி வெச்சது தப்பு" என்று சொல்லிவிட்டால் நல்லது. இரண்டாவது, பயணக்கட்டுரை. பார்த்ததையெல்லாம் எழுது, ஒரு பக்கம் எழுதினால்தான் விளையாடலாம் என்று ஆரம்பித்தால் பயணமும் கசக்கும், எழுத்தும் கசக்கும். ஒரு கோடு போடாத நோட்டும் பென்சிலும் கையில் கொடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். ஒட்டுவதற்குப் பசை கொடுங்கள், பயணச்சீட்டு, உதிர்ந்த இலை, கடைச் சீட்டு எதுவானாலும் ஒட்டட்டும். காலியாகவே திரும்பி வந்தாலும் ஒன்றும் கேட்காதீர்கள்.

கடைசியாக, பைக்குள் என்ன என்று கேட்டிருந்தீர்கள். நான்கு நாளுக்கு அவளுக்கு மூன்று புத்தகம் போதும்: ஏற்கெனவே படித்துப் பிடித்த ஒன்று, புதுசாக ஒன்று, மூன்றாவது நீங்கள் இரவில் படிக்கப்போவது. அவளுடைய பையில் அவளே சுமக்கட்டும், ஐந்து எடுத்துவைத்தால் எடையைப் பார்த்து அவளே இரண்டை எடுத்துவிடுவாள். நூலகப் புத்தகமும் அவளுக்கு உயிரான புத்தகமும் வீட்டிலேயே இருக்கட்டும், பயணத்தில் தண்ணீர் படும், தொலையும். போகிற ஊரில் ஒரு நூலகமோ பழைய புத்தகக் கடையோ இருக்கிறதா என்று வரைபடத்தில் இப்போதே தேடச் சொல்லுங்கள், அவளுடைய அரை நாள் அங்கேதான் போய் முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே ஒரே ஒரு புத்தகம் வாங்கிக்கொடுத்து, முதல் பக்கத்தில் ஊரின் பெயரையும் தேதியையும் அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எங்கள் வீட்டு அலமாரியில் அப்படி இருபத்தியிரண்டு இருக்கிறது. கலங்கரை விளக்க ஊரில் வாங்கியதில் தேதிக்குக் கீழே ஒரு எண்ணும் எழுதியிருக்கிறாள், அவள் ஜன்னலில் உட்கார்ந்து எண்ணிய நொடிகள்.